அஹுன்னா பெரியப்பாவின் வாசலில் கட்டிய ஆடு

நைஜர் ஆற்றின் கிழக்குக் கரை முழுவதிலும் மீசை முளைக்காமல் தகப்பனான ஒரே ஆள் எங்கள் அஹுன்னா பெரியப்பாதான். இதை நான் காலமெல்லாம் சொல்லிவருகிறேன். கொஞ்சம் மிகைதான். எங்கள் உமுவாலா ஊரிலேயே அப்படி இன்னொருவர் இருந்தார்; ஆற்றங்கரைச் சந்தையின் கருவாட்டு வரிசையில் தேடினால் இன்னும் இரண்டு மூன்று பேரைக் காட்டலாம். ஆனால் அவர்களில் யாரையும் வெள்ளைக்காரத் துரை நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்ததில்லை. பெரியப்பாவை அப்படிப் பார்த்தார். அதிலும் மிகை உண்டா என்று கேட்டால், பாதி எழுந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா பெண்தான். இடுப்பில் இரண்டு சுற்றுத் துணி, தலையில் கருவாட்டுக் கூடை, நடந்தால் ஆள் வருவதற்கு முன்னால் வாடை வரும். அவருடைய அப்பா உடேசேக்கு ஐந்து பெண்கள், ஆண் இல்லை. ஆண் இல்லாத வீட்டின் முன்கூடத்தை மூடிவிட்டு, நிலத்தைப் பங்காளி எடுத்துக்கொள்வது வழக்கம். உடேசேயின் தம்பி மகன் அனோசி அதற்கென்றே வளர்ந்தவன் மாதிரி, சின்ன வயதிலிருந்து அந்த வேலியோரம் மூத்திரம் பெய்யும் சாக்கில் எல்லையை அளந்துகொண்டிருந்தான். உடேசே படுக்கையில் விழுந்ததும் ஒரு காரியம் செய்தார். குழந்தையில்லாமல் புருஷன் வீட்டில் இருந்த மூத்த மகள் அஹுன்னாவை, வாங்கிய பரிசத்தைத் திருப்பிக் கொடுத்து வரவழைத்தார். பரிசம் திரும்பினால் கல்யாணம் முறிந்தது, அவ்வளவுதான் கணக்கு. பிறகு பங்காளிகள் எல்லாரையும் கூப்பிட்டு, செம்மறிக்கடா ஒன்றை வெட்டி, தன் முக்காலியில் மகளை உட்காரவைத்தார்.

"இனிமே இவ எம் மக இல்ல. மகன்."

எங்கள் பக்கம் இதற்கு ஆண்மகள் என்று பெயர். அப்படி ஒரு வழி இருந்தது, யாரும் முகம் சுளிக்கவில்லை. அனோசியும் கடாக்கறி தின்றான், இரண்டு தடவை கேட்டு வாங்கி.

உடேசே செத்தபோது அஹுன்னாதான் மகனாக நின்று மாடு வெட்டினார், வேட்டு போட்டார். அன்றிலிருந்து அந்த வட்டாரத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அவர் பெரியப்பா. அவர் வீட்டு மண்சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. என் அப்பாவும் பங்காளிதான், ஆனால் நிலத்தில் கண் இல்லாத பங்காளி. சோம்பேறி என்று என் அம்மா சொல்வாள்.

எல்லாம் சரியாக அமைந்த பெரியப்பாவுக்கு ஒரே ஒரு இடம் இடித்தது. வீட்டுக்கு வந்தவருக்குக் கோலாக்கொட்டை உடைத்துக் கொடுக்காவிட்டால் அவர் வந்ததாகவே ஆகாது. அதைப் பெண் உடைக்கக் கூடாது. ஆண்மகள் நிலம் ஆளலாம், மாடு வெட்டலாம், பஞ்சாயத்தில் பேசலாம்; கோலாவை மட்டும் தொட முடியாது. ஆகவே விருந்தாளி வரும்போதெல்லாம் சுவருக்கு மேலே அவர் குரல் வரும்.

"அடேய், யாராச்சும் ஒரு ஆம்பளைய அனுப்புங்கடா!"

என் தம்பி போவான். வயது நான்கு. மூக்கு ஒழுக, இடுப்பில் ஒன்றும் இல்லாமல், சுவர் ஏறிக் குதித்துப் போய்க் கோலாவின் மேல் கை வைப்பான். நரைத்த தலைகள் எல்லாம் அவனுக்காக மரியாதையாகக் காத்திருக்கும். வேலை முடிந்ததும் அவனுக்கு ஒரு கருவாட்டுத் தலை கூலி. அவன் திமிருக்கு அளவே இல்லை.

விருந்தாளிகள் போன பிறகு பெரியப்பா அந்த முக்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பதைச் சுவர் வழியாகப் பார்த்திருக்கிறேன். தனக்குப் பிறகு அந்தக் கூடத்தில் யார் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. ஆகவே அவர் கல்யாணம் செய்துகொண்டார்.

பெண் கேட்கப் போன கதையை உரென்மாவின் அப்பா சாகும்வரை சொல்லிச் சிரித்தார். கள்ளுக் குடுக்கையோடு இவர் போய் உட்கார்ந்திருக்கிறார்.

"மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டாராம் அந்த மனிதர்.

"ஒங்க முன்னாலதான் உக்காந்திருக்கு."

"சரிதான். எம் பொண்ணை அடிப்பீங்களா?"

"கருவாடு நாறுவேன். வேற கெட்ட பழக்கம் கெடையாது."

சுவருக்குப் பின்னாலிருந்து பெண் சிரித்துவிட்டாள். அதோடு கல்யாணம் முடிவானது. பரிசம் போயிற்று, அதில் முதல் பொருளாக ஒரு பெட்டை ஆடும் போயிற்று. உரென்மா அஹுன்னாவின் மனைவியாக வந்து சேர்ந்தாள்.

பிள்ளைக்கு ஆள் வேண்டுமே. பக்கத்து ஊர் மதுகாவைப் பெரியப்பாவே தேர்ந்தெடுத்தார். அவன் பல்வரிசைக்காக என்று என் அம்மா சொல்வாள். உரென்மா அவனைச் சந்தையில் பார்த்த பார்வைக்காக என்று நான் நினைக்கிறேன். முன்கூடத்தில் அவனை உட்காரவைத்துக் கள் ஊற்றி, பிறக்கிற பிள்ளை இந்த வீட்டுக்கு என்று நாலு பேர் முன்னால் பேசி முடித்தார்கள். அவன் சரி என்று குடித்தான். அது யாருக்கும் விநோதமாகத் தெரியவில்லை. பரிசம் கொடுத்தவர்தான் தகப்பன். வேறு யார்?

பெண்கள் திரண்டு கோர்ட்டுக் கட்டடங்களை இடித்துத் தரைமட்டமாக்கிய அந்த ஆண்டில் பையன் பிறந்தான். 'இந்த முன்கூடம் மூடிப்போகாதிருக்கட்டும்' என்று பொருள்படும்படி ஒபியெச்சினா என்று பெயர் வைத்தார் பெரியப்பா. எச்சினா என்று கூப்பிட்டோம். பேர் வைத்த அன்று வந்த விருந்தாளிகளுக்கான கோலாவை அந்தப் பச்சைக் குழந்தையின் கையில் வைத்தார்கள். சுவருக்கு மேலே குரல் வரவில்லை. என் தம்பி அன்று முழுக்க அழுதான்.

அந்தக் குழந்தைதான் இப்போது எனுகு நகரத்தில் என் வீட்டில், எனக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மனைவி போய்விட்டாள், கண் இரண்டிலும் புரை. ஒவ்வொரு பக்கம் எழுதியதும் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

"கோலாவ நான் தின்னப் பாத்தேனாம் அக்கா. கசந்துபோய்த் துப்பினேனாம்."

"பொறந்த பிள்ளைக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காக்கும்."

"அப்பா சொல்லியிருக்கார்."

பெரியப்பா அந்தப் பையனை வளர்த்த விதத்தை ஊரே கேலி செய்தது. சந்தைக்குப் போனால் கூடையில் கருவாடு பாதி, மகன் பாதி. முள் எடுக்காத மீனை அவன் ஆறு வயது வரை கண்டதில்லை. நான்கு வயதில் கோலா உடைக்கக் கற்றுக்கொண்டு, கீச்சுக்குரலில், "எங்க பருந்தும் உக்காரட்டும், ஒங்க பருந்தும் உக்காரட்டும்" என்று பெரிய மனிதர்களுக்கு ஆசி சொன்னான். பெரியப்பா தூணில் சாய்ந்து, வேறெங்கோ பார்ப்பது போல் அதைக் கேட்பார்.

வேதக்கோவில் வந்தது அதற்கு முன்பே. எங்கள் ஊருக்கு வந்த உபதேசியார் நல்ல பாட்டுக்காரர். நானும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன், பிறகு அந்தப் பள்ளிகளிலேயே வாத்தியார் வேலை பார்த்தேன். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. உரென்மாவும் பாட்டுக்காகப் போனாள். ஆனால் அவளுக்குப் பாட்டு போதவில்லை. ஞானஸ்நானம் வேண்டும் என்றாள்.

ஒரு சாயங்காலம் நான் நெருப்பு வாங்கப் போனபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். உரென்மா கசப்புக்கீரையைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, இன்னிக்கும் கேட்டாங்க. ஒம் புருஷன் பேரு என்னன்னு."

"சொல்ல வேண்டியதுதானே? நல்ல பேருதானே எம் பேரு."

"சொன்னேன். சிரிச்சாங்க. சின்னப் பிள்ளைங்ககூடச் சிரிக்குதுங்க."

"நீயும் சிரி. பல்லுதான் இருக்கே."

"பொம்பளைக்குப் பொண்டாட்டியா இருக்கிறவளுக்குத் தண்ணி தெளிக்க மாட்டாங்களாம்."

பெரியப்பா கேட்டார்: "ஒனக்கு நான் என்ன கொறை வச்சேன்?"

"ஒரு கொறையும் வைக்கல." அவள் கீரையைப் பிழிந்துகொண்டே அழுதாள். "கொறை வச்சிருந்தா எவ்வளவோ சுளுவா இருக்கும்."

அந்த நேரத்தில்தான் மதுகா நிலக்கரி மலையிலிருந்து திரும்பி வந்தான், காலில் ஷூவோடு. சுரங்கத்தில் ஞானஸ்நானம் எடுத்திருந்தான். பிள்ளை பெற்றது பாவம், பெற்றதைக் கைவிட்டது அதைவிடப் பெரிய பாவம், தாயை மோதிரம் போட்டுக் கட்டிப் பிள்ளையை ஏற்றுக்கொள் என்று உபதேசியார் சொன்னார். மதுகா கெட்டவன் இல்லை. சந்தையில் எச்சினா கூடையில் உட்கார்ந்து போவதை அவன் நின்று பார்ப்பான். தன் முகத்தை இன்னொருவர் தலையில் சுமந்து போவதைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அவன் ஷூவைப் பார்த்து ஊளையிட்டோம்.

உரென்மா உபதேசியார் வீட்டுக்குப் போய்விட்டாள். பையனைக் கேட்டு மதுகா வழக்குப் போட்டான்.

நாட்டுக் கோர்ட்டில் எங்கள் ஆட்களே ஐந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள். கள்ளில் நுரை அடங்குவதற்குள் தீர்ப்புச் சொன்னார்கள்: பரிசம் யாருடையதோ பிள்ளை அவருடையது. மதுகா மேலே எழுதிப் போட்டான். அடுத்த மாதம் துரையே வந்து விசாரிக்க உட்கார்ந்தார். இளவயது, மூக்கில் தோல் உரிந்திருந்தது. நான் பெரியப்பாவின் முக்காலியைத் தலையில் சுமந்துகொண்டு கூடவே போயிருந்தேன். கோர்ட்டுப் பலகையில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார்.

துபாஷி தொண்டையைக் கனைத்தார். "பையனோட தகப்பன் யாருன்னு துரை கேக்கிறார்."

"நான்."

துபாஷி அதைச் சொன்னார். துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"திருப்பிக் கேக்கச் சொல்றார்."

"திருப்பிச் சொல்றேன். நான். தொரை காதுல எறும்பு ஏதும் போயிருச்சா?"

எறும்பைத் துபாஷி மொழிபெயர்க்கவில்லை. துரை பாதி எழுந்தது அப்போதுதான். மேசைக்கு மேலாக எட்டி, தலையிலிருந்து கால்வரை பெரியப்பாவைப் பார்த்தார்.

"நீ பொம்பளைதானேன்னு கேக்கிறார்."

"பொம்பளைதான். தகப்பனும்தான். இதுல அவருக்கு எங்க சிக்குது? எம் பரிசம், எம் பொண்டாட்டி, எம் பிள்ளை. பெஞ்சுல இருக்கிறவங்களக் கேக்கச் சொல்லு."

பெஞ்சில் இருந்த கிழவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் எழுந்து விளக்கினார். "நெலம் ஒருத்தருது. நட்டது கூலியாளு. கெழங்கு யாருதுன்னு சின்னப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும்."

துபாஷி அதைத் துரையிடம் சொன்னார். துரை மெதுவாக ஏதோ சொன்னார்.

"பிள்ளை கெழங்கு இல்லையாம்."

எழுந்து விளக்கியவர் உட்கார்ந்துவிட்டார்.

உரென்மாவைக் கேட்டார்கள். அவள் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். "இவங்க எனக்கு ஒரு கெடுதலும் செய்யல. நான் மதுகாகூடப் போறேன்."

துரை எழுதினார். பெண்ணுக்குப் பெண் புருஷனாக முடியாது, பரிசத்தைத் திருப்பிக் கொடுத்து முறித்துவிட வேண்டும், பையன் தாயோடும் பெற்றவனோடும் போக வேண்டும். எழுதி முடிப்பதற்குள் பெஞ்சின் மூத்தவர் கையை உயர்த்தினார்.

"பரிசம் திரும்பட்டும், சரி. ஆனா கொண்டாந்து கட்டிட்டுப் போனா மட்டும் முறியாது. வாங்க வேண்டியவங்க வாங்கணும். அதுவரைக்கும் பையன் இருக்கிற எடத்துல இருப்பான். இது எங்க வழக்கம்."

அந்தக் காலத்தில் துரைகளுக்கு வழக்கத்தை மதிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. பெண்கள் கோர்ட்டுகளை இடித்த பிறகு வந்த புத்தி. வழக்கப்படியே நடக்கட்டும் என்று அதையும் எழுதினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் பெரியப்பா சிரித்துக்கொண்டு வந்தார். "வாங்க மாட்டேன்டி. எவன் வந்து எங் கையப் புடிச்சு வாங்க வைப்பான்னு பாக்கிறேன்."

வழக்கம் இதுதான். பரிசத்து ஆட்டைக் கொண்டுவந்து வாசல் கம்பத்தில் கட்டுவார்கள். கட்டியவன் அதற்குப் பிறகு அதைத் தொடக் கூடாது. வீட்டுக்குள்ளிருந்து யாராவது வந்து ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினால் பரிசத்தை வாங்கியாயிற்று, கல்யாணம் முறிந்தது. காட்டாவிட்டால் வாங்கவில்லை. ஆடு செத்துப்போனால் கட்டியவன் இன்னொன்று கொண்டுவர வேண்டும். மதுகாவால் இன்னொரு ஆடு வாங்க முடியாது என்று ஊருக்கே தெரியும், ஷூவை விற்றாலொழிய. ஆகவே பெரியப்பா ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும், மகன் அவருடையவன்.

மதுகா ஆட்டைக் கட்டிய காலை வறண்ட வடகாற்று அடித்துக்கொண்டிருந்தது. உதடு வெடிக்கும், விடியும்போதே தொண்டை புழுதியாகிவிடும் மாதம். சாட்சிக்கு அனோசி தன் ஆட்கள் இருவரோடு எதிர்ப்பக்கம் மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தான். கூப்பிடாமலே வந்த சாட்சி. பையன் போனால் முன்கூடம் மூடும், நிலம் தனக்கு.

மத்தியானம் வரை ஆடு சும்மா இருந்தது. பிறகு கத்த ஆரம்பித்தது.

"என்ன அண்ணே," என்று மரத்தடியிலிருந்து கேட்டான் அனோசி. பெரியப்பாவை அண்ணே என்று அழைப்பது அவன் கேலி. "ஆடு என்னமோ கேக்குதே. காதுல விழலையா?"

"விழுது. அனோசி எப்ப எந்திரிச்சுத் தம் பொண்டாட்டியப் பாக்கப் போவான்னு கேக்குது."

"வாயில்லாத ஜீவன். பாவம் ஒன்னத்தான் சேரும்."

"வாயுள்ள ஜீவன் ஒண்ணு மரத்தடியில ஒக்காந்திருக்கே, அதோட பாவம் யாரைச் சேரும்?"

ஓடைக்குப் போகும் பெண்கள் அந்த வாசலைத் தாண்டும்போது குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஒரு சொட்டும் சிந்தாமல். "அஹுன்னா, உள்ள போயிரு. அதும் மொகத்தப் பாக்காத," என்று சொல்லிப் போனார்கள். ராத்திரி முழுக்க ஆடு கத்தியது. எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. என் அப்பா, சோம்பேறி என்று சொன்னேனே, அவர் எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று, "அஹுன்னா, தாங்கிக்க," என்றார்.

மறுநாள் காலை நான் சுவர் ஏறிப் போனேன். எச்சினா அவர் மடியில் இருந்தான்.

"அப்பா, ஆடு ஏன் கத்துது?"

"அதுக்குப் பாட்டு வராது. அதான்."

"தண்ணி குடுக்கலாமா?"

"அது நம்ம ஆடு இல்ல. நீ பின்கட்டுல போய்க் கோழிகூட வெளையாடு."

பெரியப்பாவின் கண் இரண்டும் சிவந்திருந்தன. மீன்காரர், வாழ்நாள் முழுக்க ஆயிரம் மீனைப் புகையில் போட்டவர். ஆனால் சந்தைக்கு வரும் கழுதைக்குக்கூடத் தன் குடுக்கைத் தண்ணீரைக் கொடுக்கிற ஆள்.

அன்று வெயில் உச்சியில் இருக்கும்போது நான் ஓடையிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தேன். ஆட்டின் சத்தம் கேட்கவில்லை. செத்துவிட்டது, பெரியப்பா ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன், பாதித் தண்ணீர் முதுகில் வழிய. வாசலில் கூட்டம். அனோசி மரத்தடியில் இல்லை. கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்று இரண்டு கையையும் தட்டிக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா? எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா?"

பெரியப்பா வாசலில் குனிந்து நின்றார். கையில் மண்சட்டி. ஆடு அதற்குள் மூக்கு முழுகக் குடித்துக்கொண்டிருந்தது. சட்டி காலியாகும்வரை அவர் அனோசியின் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு நிமிர்ந்தார்.

"தண்ணி காட்டியாச்சு. பாத்ததப் போய்ச் சொல்லு."

அன்று சாயங்காலம் ஊர் முழுக்க ஒரே பேச்சு. துரைக்கு வளையாத ஆள் ஒரு ஆட்டுக்கு வளைந்துவிட்டாள் என்றார்கள். என்ன இருந்தாலும் பெண் மனசு என்றார்கள் ஆண்கள். என் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் மதுகாவும் உபதேசியாரும் வந்தார்கள். பெரியப்பா பையனைக் குளிப்பாட்டி, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, முள் எடுத்த கருவாட்டை இலையில் கட்டி வைத்திருந்தார்.

"அவங்களோட போ. ஒங்கம்மா அங்க இருக்கா."

"எப்பத் திரும்பி வரணும்?"

அவர் இலைக்கட்டை இன்னொரு முறை இறுக்கினார்.

"கோலா யாரு ஒடைப்பா?"

"விருந்தாளி வந்தா பாத்துக்கலாம்."

பையன் மதுகாவின் ஊரிலிருந்து பத்துத் தடவை ஓடி வந்தான் என்று எழுதியிருந்தேன். எதிர் நாற்காலி இருமியது.

"ஒரு தடவை அக்கா."

"பத்துன்னாதான் கதை நல்லாருக்கும்."

"ஒரு தடவைதான். சாப்பாடு போட்டு, அப்பாவே கையப் புடிச்சு அவங்க வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். இனிமே வந்தா சோறு கெடையாதுன்னார். நான் வரல."

சரி, ஒரு தடவை.

அதன் பிறகு எச்சினா சைமன் ஆனான், பள்ளிக்கூடம் போனான், ரயிலில் வேலை கிடைத்து வடக்கே போனான். உரென்மா மோதிரம் போட்டுக்கொண்டாள். பெரிய சந்தை நாள் ஒவ்வொன்றிலும் ஒரு சட்டி கசப்புக்கீரைக் குழம்பு கொண்டுவந்து பெரியப்பாவின் வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல், "என்னங்க, வச்சிருக்கேன்," என்று குரல் கொடுத்துவிட்டுப் போவாள். அடுத்த சந்தைக்குச் சட்டி கழுவிக் கவிழ்த்து அதே இடத்தில் இருக்கும். இருவரும் முகம் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

சுவருக்கு மேலே அந்தக் குரல் மறுபடி வரவே இல்லை. வந்தவர்களைப் பெரியப்பா வெளியிலேயே உட்காரவைத்தார். "உள்ள புழுக்கமா இருக்கு, இங்க காத்து வருது," என்பார், வடகாற்று புழுதியை வாரி இறைக்கும்போதும். விருந்தாளிகள் குறைந்தார்கள். அனோசியின் வேலி வருஷத்துக்கு ஒரு வரிசைக் கிழங்கு அளவு நகர்ந்து வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போடச் சொன்னோம். "யாருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

உலக யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், சந்தையிலிருந்து திரும்பியவர் கூடையை இறக்கி வைத்தார், படுத்தார், எழுந்திருக்கவில்லை. அனோசிதான் புதைத்தான். மகனாக இல்லை, வீட்டுக்குத் திரும்பி வந்த மகளாக. கொல்லைப்புறத்தில், மாடு இல்லை, வேட்டு இல்லை. உரென்மா வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே நடந்த சடங்குக்கு வரக் கூடாது என்று அவளுக்குக் கோவிலில் தடை. எச்சினா வடக்கேயிருந்து வந்து சேர்ந்தபோது மண் காய்ந்துவிட்டது, முன்கூடத்தின் கூரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவன் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டு அடுத்த ரயிலுக்குத் திரும்பினான்.

இதோடு முடிக்கலாம் என்று எழுதினேன். ஒரு கோர்ட்டை, ஒரு துரையை, ஒரு பங்காளியை நேருக்கு நேர் நின்று சமாளித்த மனுஷி, வாயில்லாத ஜீவன் ஒன்றின் தாகத்தைத் தாங்க மாட்டாமல் தன் மகனை இழந்தார். அந்த ஆடும் அதைப் புரிந்துகொண்டு குடிக்கும்போது கண்ணீர் விட்டது. இப்படி எழுதி, குரலைத் தாழ்த்தி வாசித்தும் காட்டினேன்.

எதிர் நாற்காலி முன்னால் நகர்ந்தது.

"அக்கா, அந்த எடத்தை அடிச்சிரு."

"ஆடு அழுததா? கதைக்குக் கொஞ்சம் உப்புப் போட்டேன், அவ்வளவுதான்."

"ஆடு அழுதா அழட்டும். தண்ணி காட்டினது அப்பா இல்ல."

"நான் கண்ணால பாத்தேன். சட்டி அவர் கையில இருந்துச்சு."

"நீ வந்தப்ப இருந்துச்சு." அவர் புரை விழுந்த கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினார். "நான் பின்கட்டுலதான் இருந்தேன். ஆடு கத்துறது திடீர்னு நின்னு போச்சு. அதான் பயந்துட்டேன். கோழிக்கு வச்சிருந்த சட்டியத் தூக்கிட்டு வாசலுக்குப் போனேன். கம்பத்துக்கு உள்பக்கமா குந்தி நீட்டினேன். மரத்தடியில இருந்தவங்களுக்கு ஆட்டு வாலுதான் தெரியும். ஆனா அது தலையக் குனிஞ்சு குடிக்கிறது தெரிஞ்சிருச்சு. அனோசி எந்திரிச்சு ஓடி வர்றார். அவருக்கு முந்தி அப்பா உள்ளேருந்து வந்துட்டார். தட்டிவிடப் போறார், அடிக்கப் போறார்னு நெனச்சேன். ரெண்டும் செய்யல. எங் கையிலேருந்து சட்டிய வாங்கி அவரே புடிச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் ஊரு அவர்தான் காட்டினார்னு சொல்லுச்சு, அவரும் இல்லைன்னு சொல்லல."

"ஒங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார். 'நீ ஒண்ணும் ஊத்தல. உள்ள போய்ச் சாப்பிடு'ன்னார். போய்ச் சாப்பிட்டேன்."